பார்த்தான்னா திட்டுவான்

நாற்காலி இறக்க வந்த ஆள், வாசலில் நின்ற நீல நிறப் பிக்கப் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்ததும், தோளில் இருந்த நாற்காலிகளோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இவர்தானாம்மா?" என்று சின்னவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது எங்க அண்ணன். அப்பா உள்ளே இருக்காரு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்புக்குச் சாவு வீடுதான் கிடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டிக்கு அடியில் ஸ்பானர் ஒன்று நழுவி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் ஒரு நட்டை அதன் பரம்பரையோடு சேர்த்து ஏதோ சொன்னான். இவ்வளவு பேசுகிற ஆள் செத்தவராக இருக்க முடியாது என்று நிம்மதியடைந்தவர் போல, அந்த ஆள் நாற்காலிகளை விரிக்கத் தொடங்கினார்.

காலையிலிருந்து சின்னவள் உட்காரவே இல்லை. காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது போல முன்னறைக்கும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். முன்னறைக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். அவர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி மின்விசிறிக் காற்றில் லேசாக ஏறி இறங்கியது. அது ஏறும்போதெல்லாம் மூச்சு விடுகிறாரோ என்று அவள் குனிந்து பார்த்தாள். சமையலறைக்குப் போனால், கழுவி வைத்த டம்ளர்களையே பக்கத்து வீட்டுப் பெண்கள் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வந்தால் இந்தக் கால்கள். மூன்று இடத்திலும் அவளால் நிற்க முடியவில்லை.

அப்பா மீன் ஏற்றியவர். படகுத்துறையிலிருந்து சந்தைக்கு மீன் பெட்டிகளும் ஐஸ் கட்டிகளும் அந்த நீல வண்டியில்தான் போகும். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்குகள் வழியாக வண்டியின் அடியெல்லாம் ஒழுகும். மேலே பெயின்ட் மங்க விடமாட்டார் அவர். பெண்ணுக்குப் பவுடர் பூசுவது போல வாரந்தவறாமல் துடைத்து வைப்பார். அடியில் துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் வேறு ஊரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே வண்டிக்கு அடியில் தலையை விடுவான். தலை வெளியே வரும்போது முகம் சிவந்திருக்கும். அதன்பிறகு அரை நாளைக்குத் திட்டு. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அடுத்த வாரம் பார்த்துக்கலாம், அடுத்த மாசம் மாத்திடலாம் என்று சொல்லிக்கொண்டே நைசாக நழுவி டீக்கடைக்குப் போய்விடுவார். போகப் போக அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவன் வருகிறான் என்று போன் வந்தால் போதும், வண்டியின் பின்பக்கம் மதில் சுவரை ஒட்டிப்போய் நிற்கும். அடியில் புகுந்து பார்க்க ஒரு பூனைக்குக்கூட இடம் இருக்காது. மாமியாருக்கு மருமகள்கூட இப்படிப் பயந்ததில்லை என்று அம்மா கேலி செய்வாள்.

போன முறை வந்தபோதுதான் அது கேலியாக இல்லாமல் போனது. சந்தையில், சுமை இறக்குகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யாரையாவது கொன்ற பிறகுதான் இந்த வண்டியை நிறுத்துவீங்களா என்று அண்ணன் கத்திவிட்டான். சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் சரியில்லை. அதன்பிறகு போனில் இருவருக்கும் இடையே சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வண்டியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நெஞ்சுக்கு முடியாமல் படுத்த பிறகும் அப்பா பெரியவனைப் பற்றிப் பேசவில்லை. இன்று காலையில்தான் பேசினார். சின்னவள் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். பாதி டம்ளர் குடித்தார். பிறகு, வீட்டில் வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாப்பா, பெரியவன் வந்தான்னா வண்டிக்குப் பின்னாடி போக விடாதே. பார்த்தான்னா திட்டுவான்."

"சரிப்பா. விடமாட்டேன். நீங்க தூங்குங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் துவைத்த துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அப்பா போயிருந்தார்.

அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. ஒரு மனிதர் கடைசியாகச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கோ என்று சொல்லலாம். பெரியவன் எப்ப வருவான் என்றாவது கேட்டிருக்கலாம். இவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் மாதிரி இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணன் உச்சிவெயிலுக்கு முன்னால் வந்து சேர்ந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சின்னவளைப் பார்த்து, "என்னைக் கேட்டாராடி?" என்றான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். அப்பாவின் கூடப் பிறந்த ஒரே அக்கா. எந்த வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அவள் வாய் எரியும். "கேட்டானாவா? உன்னைச் சொல்லிச் சொல்லியேதான்டா என் தம்பிக்கு உயிர் போச்சு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் பொய் இல்லை. மற்றதெல்லாம் பொய். உயிர் போய், எல்லோருக்கும் போன் போட்டு முடித்த பிறகுதான் அத்தையே வந்து இறங்கினாள். அண்ணன் அத்தையின் தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மாமா, அதாவது அத்தையின் கணவர், மயானத்துக்குப் போக வேன் சொல்லட்டுமா என்று கேட்டார். அதுவரை சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அவரு அவர் வண்டியிலதான் போவாரு."

ஊரில் உள்ள அத்தனை பிணமும் ஏறி இறங்கிய வேனில் நான் ஏறமாட்டேன் என்று அப்பா உயிரோடு இருந்தபோது தமாஷாகச் சொல்வதுண்டு. அம்மா அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். சின்னவள் பின்னாலேயே ஓடினாள். வண்டி வழக்கம்போல மதில் சுவரை ஒட்டி நின்றது. பின்பக்கம் போகாதே, கண்ணாடித்துண்டு கிடக்கிறது என்றாள். எறும்புப் புற்று இருக்கிறது என்றாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். பெடல் சேற்றில் கால் வைத்தது போல அடிவரை போய், மேலே வராமல் கிடந்தது. மயானம் ஆற்றோரத்தில் இருந்தது. அங்கே போக ஒரே பாதை, அதுவும் வளைந்து வளைந்து இறங்கும் சரிவு. பிரேக் இல்லாத வண்டியில் அப்பாவை ஏற்றினால், அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர் போக வேண்டியதுதான்.

நாலைந்து பேர் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ளினார்கள். அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டைகள் மேல் நிறுத்தி, அடியில் நுழைந்தான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லையே என்று சின்னவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்து சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு பைப் துண்டு. பின்சக்கரங்களுக்குப் பிரேக் ஆயில் போகும் பைப். துரு அரித்து ஒழுகத் தொடங்கியதும் அப்பா அதை வெட்டி, நுனியை மடக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்கி அடைத்திருந்தார். பின்பிரேக்கே இல்லாமல் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு முன்பிரேக்கை நம்பி ஓடியிருக்கிறது வண்டி. மடக்கிய இடம் இப்போது வெடித்து, இருந்த ஆயிலும் ஒழுகிப் போயிருந்தது.

இதோ, திட்டப் போகிறான் என்று சின்னவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவன் திட்டவில்லை. எத்தனை நாளாக இப்படி ஓட்டினார் என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தெரியாது. அவன் அந்தத் துண்டைத் துணியால் துடைத்து வண்டிப் படியில் வைத்துவிட்டு, புதுப் பைப்பும் பிரேக் ஆயிலும் வாங்க எழுந்து போனான். அவன் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்தது.

திரும்பி வந்ததும் வேலையில் இறங்கினான். சுருளாக இருந்த புதுப் பைப்பை நிமிர்த்தி, பழைய பைப்பைப் பக்கத்தில் கிடத்தி, அது எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் ஒரு பெயின்ட் டப்பா மேல் வைத்துக் கையாலேயே வளைத்தான். நட்டு கவ்விப் பிடிக்க, வெட்டிய நுனிகளின் வாயை விரித்தான். சக்கரத்தில் இருந்த பழைய நட்டுகள்தான் அசைய மறுத்தன. எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, இம்மி முன்னே இம்மி பின்னே என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தான். ஒன்று வந்தது. இன்னொன்று பிடிவாதம் பிடித்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய பேச்சாகிவிட்டது. பெற்ற தகப்பன் உள்ளே கிடக்கிறார், பிள்ளை கையெல்லாம் கரியோடு வண்டிக்கு அடியில் கிடக்கிறான் என்றார்கள். அதே வாயால், பாவம், அவனும்தான் எங்கே போய் அழுவான் என்றும் சொன்னார்கள்.

அத்தை சின்னவளைச் சமையலறை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உன்னைத்தான் கேட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி. உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? அவன் முகத்தைப் பார்த்தியா?"

பார்க்காமல் என்ன? அதைப் பார்க்க முடியாமல்தானே அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். சொல்லிவிடலாம். ஆனால் எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிறவன், கூடப் பிறந்தவள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்க மாட்டானா? உண்மையைச் சொல்லலாம் என்றாலோ, அப்பா கடைசியில் உனக்குப் பயந்துகொண்டே போனார் என்று எந்த வாயால் சொல்வது? அதை வைத்துக்கொண்டு அவன் மிச்ச நாளை எப்படித் தள்ளுவான்? பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள்.

அதற்குள் வெயில் சாய்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வரவேண்டிய சித்தப்பாவும் வந்துவிட்டார். இருட்டுவதற்கு முன் கிளம்பியாக வேண்டும் என்று மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். எல்லோரும் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி ஆகவில்லை என்றால் வேனுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். அம்மா காதில் விழுந்ததா தெரியவில்லை. வண்டிக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிடிவாதம் பிடித்த நட்டு கடைசியில் மசிந்துவிட்டது.

பைப்புகளை மாட்டி முடித்ததும் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்தே கூப்பிட்டான். "பாப்பா, மேல ஏறி உட்காரு. ஏர் எடுக்கணும்."

தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அவள் அந்த வீட்டில் பாப்பாதான். ஏறி அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள். சீட் அவர் உட்கார்ந்த வாக்கில் குழிந்திருந்தது. அவள் கால் பெடலுக்கு எட்டுவதற்கு நுனிக்கு நகர வேண்டியிருந்தது. வேலை என்னவோ சுலபமானதுதான். புதுப் பைப்புக்குள் காற்று இருக்கும். அது இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. அவள் பெடலை மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். அவன் சக்கரத்தில் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்துவான். ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். அவன் திருகை இறுக்கி, விடு என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே புகுந்துவிடும்.

"அமுத்து."

அமுத்தினாள்.

"இன்னொரு தடவை. ம். பிடி."

பெடல் அவள் காலடியில் மெதுவாக அமிழ்ந்தது. அடியில் ஆயில் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. விடு என்றான். விட்டாள். மறுபடி அமுத்து, மறுபடி பிடி. அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"அத்தை சொன்னது பொய்தானே?"

அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகமும் அவனுக்குத் தெரியாது. காலையிலிருந்து இப்போதுதான் அவள் முதல் தடவையாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் வழியில்லை, கால் பெடலில் இருந்தது.

"பொய்தான்" என்றாள்.

"அப்ப என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. "சொன்னாருண்ணா. தண்ணி குடிச்சிட்டு, பெரியவன் வந்தா வண்டிக்குப் பின்னாடி போக விடாதே, பார்த்தான்னா திட்டுவான்னு சொன்னாரு. அவ்வளவுதான். வேற எதுவும் சொல்லல. நானும் சரின்னுதான் சொன்னேன்."

அடியிலிருந்து 'விடு' வரவில்லை. மாமா வாசலிலிருந்து, டீ முடிந்துவிட்டது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். சின்னவளுக்குக் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காலை அப்படியே வைத்திருந்தாள். சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள். வேறு எப்படிச் சொல்லியிருப்பது என்றும் தெரியவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்து, ஜலதோஷம் பிடித்தவன் குரலில், "விடு" என்றான்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அமுத்து" என்றான்.

சக்கரம் சக்கரமாக அவன் நகர்ந்தான். கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது பெடல் அவள் காலுக்கு அடியில் கல் போல நின்றது. அவன் வெளியே வந்து, அவளை இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பினான். வாசலுக்கு நேரே வந்து மிதித்தான். வண்டி முகத்தில் அடித்தது போல நின்றது. வேன் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கழுவியும் நகக்கண்ணில் கரி இருந்தது. அந்தக் கையோடுதான் அப்பாவைக் கிடத்திய சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

அம்மா முன்னால், எப்போதும் உட்காரும் இடத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் அப்பாவின் பெட்டிக்கு இரண்டு பக்கமும் சின்னவளும் அத்தையும் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நடந்து வந்தார்கள். கடைத்தெரு தாண்டும்வரை அண்ணன் வண்டியை நடக்கிறவர்களின் வேகத்துக்கே விட்டான். ஆற்றுச் சரிவின் முதல் வளைவில் வண்டி இறங்கத் தொடங்கியபோது, முன்னாலிருந்து பேச்சுக் குரல் வந்தது. அம்மாவிடம் ஏதோ சொல்கிறான் என்று சின்னவள் முதலில் நினைத்தாள்.

"மனுஷன் பண்ற வேலையாப்பா இது? பைப்பை மடக்கி, சுத்தியலால தட்டி... யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? ஒரு போன் பண்ணக்கூடாதா? ஓடி வந்திருக்க மாட்டேனா நான்?"

வளைவில் வண்டி பதமாக வேகம் குறைந்து, திரும்பி, மறுபடி இறங்கியது. அவன் குரல் ஏறியது.

"வண்டியைச் சுவத்தோட ஒட்டி நிறுத்தி வச்சிட்டா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஐஸை ஏத்திக்கிட்டு இந்த இறக்கத்துல எத்தனை தடவை வந்தீங்க? ஏதாவது ஆகியிருந்தா? சொல்லுங்கப்பா, ஏதாவது ஆகியிருந்தா?"

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைத் தடுக்கவில்லை. அத்தை பெட்டியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாரை இந்தத் திட்டு திட்டறான்?"

"அப்பாவைத்தான் அத்தை."

அத்தை பெட்டியையும் பார்த்தாள், முன்பக்கத்தையும் பார்த்தாள்.

அடுத்த வளைவு இன்னும் செங்குத்தானது. வண்டி அதிலும் ஒரு குலுங்கல் இல்லாமல் இறங்கியது. அவன் திட்டிக்கொண்டே இருந்தான். எஞ்சின் இரைச்சலிலும் ஆற்றுக் காற்றிலும் பாதி வார்த்தை பின்னால் சரியாகக் கேட்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது, அது பாதிதான் திறந்திருந்தது. சின்னவள் முழங்காலிட்டு எழுந்து, அப்பாவின் தலைமாட்டைத் தாண்டிக் கையை நீட்டினாள். கண்ணாடி காடியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அதை முழுவதுமாகத் திறந்து வைத்தாள்.